கல்விக் கொடை வரலாறு 9: பாலித் இருக்கையும் வத்திராயிருப்பு மாணவரும்

சென்ற இதழில் எண்ணாயிரம் கல்வெட்டைப் படித்தோம். முதலாம் ராசேந்திரன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து ஊர் ஒன்றில், 340 மாணவர்களுக்கும் அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர்களுக்கும் 45 வேலி நிலம் விட்ட கதை அது. இலக்கணம் சொல்லிக்கொடுப்பவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நெல், வேதாந்தம் சொல்பவருக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கும் பகுதிதான் எனக்கு அதில் மிகவும் பிடித்தது. கொடுத்தவர்கள் ஆசிரியரின் சாப்பாட்டை நிலத்தோடு சேர்த்துக் கட்டிவைத்தார்கள். ஆசிரியர் மாறலாம், அரசனும் மாறலாம்; நிலம் விளைகிறவரை அந்த ஆசிரியர் பணி காலியாகக் கிடக்காது.

சங்கரன்கோவில்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம் சங்கரநாராயணர் கோயிலில் கட்டளை என்றால் என்ன, மண்டகப்படி என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆடித்தபசு நாள்களில் இன்ன நாள் இன்னார் மண்டகப்படி என்று தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. தாத்தா வைத்துப்போன முதல், பேரன் காலத்திலும் அந்த ஒரு நாள் பூசையை நடத்தித் தருகிறது. இதே ஏற்பாட்டை ஒரு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பதவிக்குச் செய்தால் அதற்கு இருக்கை என்று பெயர். முதலைத் தொடாமல் வட்டியில் சம்பளம் கொடுப்பார்கள். கொடுத்தவர் காலமான பிறகும் அந்தப் பதவியில் ஒருவர் இருந்துகொண்டே இருப்பார்.

இந்தியாவில் இந்த ஏற்பாடு வேர்பிடித்த இடம் கல்கத்தா. தமிழ்நாட்டுத் தொடரில் கல்கத்தா எதற்கு என்று கேட்கலாம். அங்கே வங்காள வக்கீல் ஒருவர் பணம் போட்டு உண்டாக்கிய இருக்கையில் முதலில் உட்கார்ந்தவர் திருச்சியில் பிறந்த ஒரு தமிழர். அவரைத் தேடிப் போன மாணவர்களில் ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரர்.

கதையை ராஷ்பிகாரி கோஷிடமிருந்து தொடங்குகிறேன். பர்த்வான் பக்கத்துக் கிராமத்தில் 1845-ல் பிறந்தவர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்து, கல்கத்தா பல்கலைக்கழகத்திலேயே சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, உயர்நீதிமன்றத்தில் பெரிய வக்கீலாக இருந்தவர். காங்கிரஸ் இரண்டாகப் பிளந்த 1907 சூரத் மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்வானவரும் இவரே. பிரசன்ன குமார் தாகூர் என்ற செல்வர் 1868-ல் இறக்கும்போது எழுதிவைத்த பணத்தில், கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தாகூர் சட்டப் பேராசிரியர் என்ற பதவி உண்டாகியிருந்தது. ஆண்டுக்கு ஒருவரை அழைத்து, ஒரு பொருள் குறித்துத் தொடர் சொற்பொழிவு ஆற்றச் செய்து, அதை நூலாக்குவார்கள். 1870-களின் நடுவில், முப்பது வயதை ஒட்டிய கோஷுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. அடமானச் சட்டம் பற்றிப் பேசினார். அந்தச் சொற்பொழிவுகள் புத்தகமாகி வெகுகாலம் வக்கீல்களின் மேசையில் இருந்தன.

யாரோ ஒருவர் வைத்துப்போன பணத்தில் உட்கார்ந்து எழுதியவர், அறுபது தாண்டிய வயதில் தன் பங்குக்குத் திருப்பிக் கொடுத்தார். 1913-ல் அவர் தன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது 10 லட்சம் ரூபாய். பயன்முறைக் கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல் என்று நான்கு இருக்கைகள். பேராசிரியர் தனியாக இருந்தால் ஆராய்ச்சி வளராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஒவ்வொரு இருக்கையோடும் உதவித்தொகை பெறும் ஆய்வு மாணவர்களையும் சேர்த்தார். அரசுப் பத்திரங்கள் மூன்றரை சதவீதம் வட்டி தந்த காலம் அது. 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 35,000 ரூபாய் வரும். நான்கு பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அது போதும். 1919-ல் தொழில்நுட்பக் கல்விக்காக இன்னொரு 11 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்.

கோஷுக்கு ஓராண்டு முன்பே தாரக்நாத் பாலித் என்ற இன்னொரு வழக்கறிஞர் வழிகாட்டிவிட்டார். 1912-ல் இரண்டு தவணையாக, நிலமும் வீடும் பணமுமாகச் சுமார் 15 லட்சம் மதிப்புள்ள சொத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். அப்போது அவருக்கு எண்பது வயது. இயற்பியலுக்கு ஒன்று, வேதியியலுக்கு ஒன்று என இரண்டு இருக்கைகள். அவர் கொடுத்த இடத்தில்தான் 1914 மார்ச்சில் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த ஆண்டே பாலித் காலமானார்.

இந்த இருவரையும் இழுத்து வந்தவர் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி. அவரும் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர், கணிதத்தில் பெரிய தேர்ச்சி உள்ளவர், பிழைப்புக்கு உயர்நீதிமன்ற நீதிபதி. பாலித்தின் கொடையைக் காட்டி அரசிடம் பணம் கேட்டார், கிடைக்கவில்லை. அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு வந்ததுதான் கோஷின் 10 லட்சம்.

சாசனத்தில் இருந்த நிபந்தனைகளில்தான் எனக்கு இந்த வரலாற்றின் உயிர் தெரிகிறது. முதல் நிபந்தனை: இருக்கையில் அமர்பவர் இந்தியராக இருக்க வேண்டும். இன்று இது சாதாரணமாகத் தோன்றும். அன்று அரசுக் கல்விப்பணியின் மேல்தட்டு ஐரோப்பியர்களுக்கு உரியது. ஜகதீச சந்திர போஸ் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தபோது ஐரோப்பியப் பேராசிரியரைவிடக் குறைந்த சம்பளம்தான் என்றார்கள். மூன்று ஆண்டு சம்பளத்தையே தொடாமல் பாடம் நடத்தி எதிர்ப்பைக் காட்டினார் அவர். பிரபுல்ல சந்திர ராய் எவ்வளவு பெரிய வேதியியலாராக இருந்தும் மாகாணப் பணி என்ற கீழ்த்தட்டிலேயே வைக்கப்பட்டிருந்தார். அந்த அவமானத்துக்கு வக்கீல்கள் இருவரும் தங்கள் சாசனத்தில் எழுதிய பதில் அந்த ஒரு வரி.

இரண்டாவது நிபந்தனை பாலித்துடையது: பேராசிரியர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ராமன் வருகிறார். சி. வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் 1907-ல் எம்.ஏ. முடித்து, அதே ஆண்டில் நிதித்துறைத் தேர்வில் வென்று, பத்தொன்பது வயது முடியுமுன்பே கல்கத்தாவில் உதவிக் கணக்காயராக உட்கார்ந்தவர். பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தொடங்கிய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்தார். அதற்குப் பிறகு அவருடைய நாள் எப்படிப் போனதென்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். விடிகாலை ஐந்தரைக்குக் கழகத்துக்குப் போவார். பத்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது வீடு திரும்பி, குளித்து, அவசரமாக இரண்டு கவளம் உண்டு, வண்டி பிடித்து அலுவலகம் போவார். மாலை ஐந்துக்கு அலுவலகத்திலிருந்து நேராகக் கழகம். வீடு வரும்போது இரவு ஒன்பதரை, பத்து. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கழகத்திலேயே. பகலெல்லாம் கணக்கு பார்த்துவிட்டு, மிஞ்சிய நேரத்தில் உலகத்து ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்பினார். இப்படி ஓர் ஆளை முழுநேரமும் ஆராய்ச்சிக்கு விட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அசுதோஷுக்கு எழுந்தது.

பாலித் இருக்கை ராமனுக்கு என்று முடிவானபோது இரண்டாவது நிபந்தனை குறுக்கே நின்றது. ராமன் கப்பலேறியதே இல்லை. பயிற்சிக்காகப் போய்வாருங்கள் என்ற யோசனையையும் அவர் ஏற்கவில்லை. இங்கிருந்தே செய்ய முடியும் என்று உறுதியாக நின்றார். அசுதோஷ் அவருக்காக நிபந்தனையைத் தளர்த்தினார். இந்தியர் என்ற நிபந்தனையைத் தொடவில்லை. வெளிநாட்டுப் பயிற்சி என்பதை மட்டும் விலக்கிக்கொண்டார். கொடையாளியின் நோக்கம் எது, அந்த நோக்கத்துக்கு அவர் அன்றைக்கு நினைத்த வழி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த நிர்வாகி அவர். பாலித்தே உயிரோடு இருந்திருந்தாலும் மறுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அதே நேரத்தில் கோஷ் இயற்பியல் இருக்கைக்குத் தேர்வான தேபேந்திர மோகன் போஸ் பயிற்சிக்காக ஜெர்மனி போனார். 1914-ல் போர் மூண்டது. எதிரி நாட்டுப் பிரஜை என்று அவரை அங்கேயே நிறுத்திவைத்துவிட்டார்கள். ஊர் திரும்ப 1919 ஆனது.

ராமன் 1917-ல் அரசு வேலையை உதறிவிட்டு இருக்கையில் அமர்ந்தார். சம்பளம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஓய்வூதியமும் பதவி உயர்வும் உறுதியாக இருந்த வேலையை விடுவது அன்றைக்கு எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் லேசான காரியமில்லை. பதினொரு ஆண்டில், 1928 பிப்ரவரி 28-ல், ராமன் விளைவு. 1930-ல் நோபல். சம்பளம் பாலித் வைத்த பணத்திலிருந்து வந்தது. சோதனை நடந்த கூடம் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில் எழுந்தது. அரசாங்கத்தின் பங்கு இதில் மிகக் குறைவு.

இனி நம் பக்கத்து ஊர்க்காரர். சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கடந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையடியில் வத்திராயிருப்பு. அங்கே 1898-ல் பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பு, பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி. 1920-ல் ராமனிடம் படிக்க வேண்டுமென்றே கல்கத்தாவுக்கு ரயிலேறினார். 1928-ல் புதிய ஒளிச்சிதறல் பற்றி 'நேச்சர்' இதழில் வந்த முதல் குறிப்பில் ராமன் பெயரோடு கிருஷ்ணன் பெயரும் இருக்கிறது. அந்த நாள்களில் சோதனைகள் எப்படி நடந்தன என்பதை நாள்வாரியாக எழுதிவைத்ததும் அவர்தான். 1933-ல் ராமன் பெங்களூருக்குப் போன பிறகு, அதே கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பெயரில் அமைந்த பேராசிரியர் பதவியில் கிருஷ்ணன் அமர்ந்தார். 1940-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், சுதந்திர இந்தியாவின் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு முதல் இயக்குநர். வத்திராயிருப்புப் பையன் ஒருவன் ஏறிச் செல்வதற்கு ஏணி போட்டுவைத்தவர்கள் தமிழ் தெரியாத, நம் பக்கம் வந்தேயிராத வங்காளிகள்.

பாலித் வேதியியல் இருக்கையில் அமர்ந்த பிரபுல்ல சந்திர ராய் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். அறுபது வயது நிறைந்த 1921 முதல் தன் சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே திருப்பிக் கொடுத்து, துறை வளர்ச்சிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் பயன்படுத்தச் சொன்னார். கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறையில் தங்கி, எளிய உணவும் கதர் உடையுமாக வாழ்ந்தார்.

அந்தக் காலத்தில் சென்னையில் பணக்கார வக்கீல்கள் இல்லையா? இருந்தார்கள், கல்கத்தாவுக்குக் குறையாமல். பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் கொடுத்ததும் உண்டு. அவற்றில் மிகுதியும் பதக்கம், பரிசு, மாணவர் உதவித்தொகை. நல்ல காரியங்கள்தாம், ஆனால் ஒரு பாடத்துக்கு நிரந்தரமாக ஓர் ஆளை உட்கார்த்திவைக்கும் கொடை மிக அரிது. ராமனைச் சென்னையே வைத்துக்கொண்டிருக்க ஓர் இருக்கை 1907-ல் இங்கே இல்லாதது எனக்கு இன்றும் வருத்தம்.

நம் பக்கத்தில் அந்த வழக்கத்தை மாற்றியவர்களில் முன்னே நிற்பவர் அழகப்பச் செட்டியார். ராமன் படித்த அதே சென்னை மாநிலக் கல்லூரியின் மாணவர். தான் பட்டம் பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1944-ல் 5 லட்சம் கொடுத்து, கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக்கினார். அதைவிட என்னை ஈர்ப்பது திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் பதவிக்கு அவர் கொடுத்த 1 லட்சம். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலம். நம் ஊரிலிருந்து சமஸ்தான எல்லை கூப்பிடு தூரம். நாஞ்சில் நாட்டிலும் செங்கோட்டையிலும் தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேர் இருந்தும் அவர்கள் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கென்று துறை இல்லை. அழகப்பர் அங்கே படித்தவரில்லை; இல்லாமையைக் கண்டு கொடுத்தார். அந்தப் பதவிக்கு 1951-ல் வந்தவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எஸ். வையாபுரிப் பிள்ளை. தமிழ்ப் பேரகராதியைப் பத்தாண்டு உழைத்து முடித்தவர், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையிலிருந்து 1946-ல் ஓய்வு பெற்றவர். 1954 வரை திருவனந்தபுரத்தில் இருந்தார். அவருக்குப் பின் வந்த வ. அய். சுப்பிரமணியம் தமிழ்த்துறையிலிருந்து மொழியியலை வளர்த்து, பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

பணத்தின் மதிப்பு தேய்வதுதான் இருக்கைகளுக்கு வந்த நோய். 1944-ல் 1 லட்சத்தின் வட்டியில் ஒரு பேராசிரியர் மதிப்பாக வாழலாம். இன்று அதே 1 லட்சத்துக்கு வங்கி தரும் ஆண்டு வட்டி சுமார் ஏழாயிரம். இதனால்தான் பழைய அறக்கட்டளைகளில் பல, ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு என்ற அளவில் நிற்கின்றன. சொற்பொழிவும் சும்மாயில்லை. ராஜவல்லிபுரத்து ரா. பி. சேதுப்பிள்ளை தம் தாயார் சொர்ணம்மாள் பெயரில் நிறுவிய சொற்பொழிவுகள் நல்ல தமிழ் நூல்கள் சிலவற்றைத் தந்திருக்கின்றன. ஆனாலும் ஆண்டுக்கு இரண்டு நாள் வந்து பேசிப் போகிறவரும், முப்பது ஆண்டு அங்கேயே இருந்து மாணவர்களை உருவாக்குகிறவரும் ஒன்றாக மாட்டார்கள்.

அண்மைக் காலத்தில் முன்னாள் மாணவர் கொடை என்ற சொல்லுக்கு உரிய இடம் சென்னை ஐஐடி. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஷ் கோபாலகிருஷ்ணன் அங்கே 1970-களில் இயற்பியலும் கணினியியலும் படித்தவர். மூளையைக் கணக்கீட்டு முறையில் ஆராய அங்கே மூன்று இருக்கைகளை அமைத்தபோது, எதற்கும் தன் பெயரை வைக்கவில்லை. ஒன்று எச். என். மகாபலா பெயரில், இன்னொன்று சி. ஆர். முத்துகிருஷ்ணன் பெயரில். இருவரும் அங்கே கணினியியல் கற்பித்த ஆசிரியர்கள். மூன்றாவது, உடன் தொழில் தொடங்கிய நாராயணமூர்த்தி பெயரில். தனக்குச் சொல்லிக்கொடுத்தவரின் பெயரில் இன்னோர் ஆசிரியர் வந்து உட்காரும்படி செய்வதைவிட மேலான குருதட்சிணை எனக்குத் தெரியவில்லை.

ஹார்வர்டு தமிழ் இருக்கையை வாசகர்கள் அறிவார்கள். அமெரிக்காவில் வாழும் மருத்துவர்கள் விஜய் ஜானகிராமனும் திருஞானசம்பந்தமும் தலைக்கு 5 லட்சம் டாலர் போட்டுத் தொடங்கியது. 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. உலகெங்கும் தமிழர்கள் கூடிச் சேர்த்து 2018-ல் முடித்தார்கள். சங்கம் பேராசிரியர் என்ற பெயரில் மார்த்தா ஆன் செல்பி அதில் அமர்ந்திருக்கிறார். பெருமைதான். அதே வேகம் திருநெல்வேலிக்கும் வர வேண்டும் என்று கேட்கிறேன்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழுவின் ஊதிய அட்டவணைப்படி பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 1,44,200 ரூபாய். அகவிலைப்படி முதலியன சேர்ந்தால் ஆண்டுக்கு 25 லட்சம் தாண்டும். 5 கோடி மூலநிதி இருந்தால் ஏழு சதவீத வட்டியில் 35 லட்சம் வரும். மிஞ்சுகிற பணத்தை ஆண்டுதோறும் முதலில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் பழைய இருக்கைகளின் கதிதான். உதவிப் பேராசிரியர் போதும் என்றால் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. அதற்கு 2 கோடியில் தொடங்கிவிடலாம். ஆளுக்கு 1 லட்சம் போட 200 பேர். நம் ஊர்ப் பள்ளிகளில் படித்து, சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களில் 200 பேர் கிடைக்காமலா போவார்கள்? மண்டகப்படியைத் தலைமுறை தாண்டி நடத்தத் தெரிந்த ஊருக்கு இதன் நிர்வாகம் புதிதல்ல.

எந்தப் பாடத்துக்கு என்றால் என் மனத்தில் ஒன்று இருக்கிறது. 1750-களில் ஆங்கிலேயரையும் ஆற்காட்டு நவாபின் படைகளையும் எதிர்த்த நெற்கட்டும்செவல் பூலித்தேவர், கடைசியில் நம் கோயிலுக்குள் வந்து மறைந்தார் என்பது நம் ஊர் நம்பிக்கை. அவர் பெயரில் கோயிலுக்குள் ஓர் அறையே இருக்கிறது. தெற்கத்திப் பாளையங்களின் வரலாற்றை ஓலையிலும் கும்பினி ஆவணங்களிலும் முழுநேரமும் தேடிப் படிக்க மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஓர் இருக்கை வேண்டும். அந்தப் பல்கலைக்கழகமே திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்த ஒரு பேராசிரியரின் பெயரைத் தாங்கியது. சாசனம் எழுதும்போது அசுதோஷை நினைத்துக்கொள்ள வேண்டும். பாடத்தையும் நோக்கத்தையும் மாற்ற முடியாதபடி எழுதுங்கள். யார் வரலாம், எங்கே படித்திருக்க வேண்டும் என்பனவற்றைப் பல்கலைக்கழகத்தின் கையில் விடுங்கள். பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் கொடுத்தவர் உட்காரக் கூடாது என்பதையும் நீங்களே எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

அடுத்த இதழில் சிங்கப்பூர். 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை வரவிருந்தபோது அதில் தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி எழுதினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். பல்கலைக்கழக வாசலை மிதித்திராத தொழிலாளிகள் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள்.